லைன் வந்த மூன்றாம் நாள்

பேசிக்கொண்டிருந்தவர் போனை வைத்துவிட்டார்; திரையிலும் அழைப்பு முடிந்ததாகத்தான் காட்டியது. ஆனாலும் புனிதாவின் ஹெட்செட்டுக்குள் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, பெருமழை ஓய்ந்த பிறகு செம்பனைக் காட்டுக்குள் கத்துமே, அந்த மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல் நிதானமாக, "வரேன்மா" என்றது.

"சரி, வாங்க," என்றாள் புனிதா. எல்லாம் வாய்ப் பழக்கம். பங்சாரில் இருக்கிற ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே தமிழில் பதில் சொல்வது அவள் வேலை. பேசி முடித்ததும் வயதானவர்கள் "வரேன்மா" என்பார்கள், இவள் "வாங்க" என்பாள். யாரும் வரப்போவதில்லை, நம் ஆட்கள் விடைபெறுகிற அழகே அதுதான்.

புது இன்டர்நெட் லைன் வந்து அன்றுதான் முதல் நாள். மேரு டவுனைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது வீடு. அங்கே கேபிள் இழுக்க முடியாது என்று கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் குரல் அறுந்து அறுந்து போகவே, இனி ஒரு தடவை இப்படியானால் ஆபீசுக்கே வந்துவிடு என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போனால் ஐந்து வயது மகள் ஷாமினியை யார் பார்ப்பது? புருஷன் லோரி எடுத்துக்கொண்டு ஜோகூர் போனால் வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு. அதனால்தான் சுகுமாறன் என்பவனைத் தேடிப் பிடித்து, கொல்லையில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, தோட்டத்தைப் பார்த்தமாதிரி ஆன்டெனா மாட்டவைத்தாள்.

மறுநாள் சாயங்காலமும் அதே குரல், அதே "வரேன்மா". தவளைகள் இல்லை. நாய் குரைத்தது. "வாங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அது தெருமுனை நாகையா வீட்டு நாய். ஹெட்செட்டைக் கழற்றினால் வெளியிலும் அதுதான் குரைத்துக்கொண்டிருந்தது.

சந்தேகம் நேராகச் சுகுமாறன் மேல் போனது. ஆன்டெனாவில் ஏதோ கோல்மால் செய்து, தெருவில் நின்றபடி விளையாட்டுக் காட்டுகிறான். போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினாள். அவனுக்குக் கோபமே வரவில்லை.

"அக்கா, வேற ஆளு பேச்செல்லாம் இதுல கலக்காது லா. சந்தேகம்னா மோடம் சுவிச்ச அடைச்சிட்டு கேட்டுப் பாருங்க."

மூன்றாம் நாள் நாலு மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. பின்னறையில் ஷாமினி மெத்தையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். கடைசி அழைப்பு முடிந்ததும் புனிதா மோடத்தை அடைத்தாள். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹெட்செட் காதிலேயே இருந்தது.

மழை கேட்டது. கூரைத் தகரத்தில் விழும் மழை. அதற்கடியில் கீச், கீச் என்று சுற்றும் ஒரு மின்காத்தாடி.

பின்னறைக் காத்தாடி.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள்.

"வரேன்மா."

இப்போது குரல் காதுக்குள் இல்லை. பின்னறை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக்கூடாது. செத்தாலும் சொல்லக்கூடாது.

சொன்னது அவளில்லை.

"வாங்க அங்கிள்," என்றாள் ஷாமினி. பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசச் சொல்லி புனிதாவே பழக்கிய குரல்.

ஓடினாள். ஜன்னல் சாத்தியே இருந்தது. கொக்கியும் போட்டபடி. ஷாமினி சுவரோரம் நகர்ந்து இடம் விட்டிருந்தாள். மெத்தையின் மறுபக்கம் பள்ளமாக அமுங்கியிருந்தது. விரிப்பில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

அந்தச் சரிவில் குழந்தை மெல்லச் சாய்ந்தாள். விழவில்லை. பாதியிலேயே, வெறும் காற்றில், சுகமாகத் தலையைச் சாய்த்து வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினாள்.

நெற்றியில் விழுந்திருந்த அவள் முடி, தானாக எழும்பி, காதுக்குப் பின்னால் ஒதுங்கியது.