ஓட்டமா, படிப்பா?

காலையில் நான் கண் விழித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கும் கேள்வி இதுதான்: "ஏட்டி பெனிட்டா, இன்னைக்கு ஓட்டமா, படிப்பா?"

எனக்கே சட்டென்று தெரியாது. வேதியியல் சமன்பாடு ஒன்றை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வந்தால் படிப்பு, வராவிட்டால் ஓட்டம். ஓட்டம் என்றால் தட்டில் கூடுதலாக ஒரு முட்டை விழும்.

எங்கள் தூத்துக்குடியில் மட்டுமா, நாடு முழுக்கவே இப்போது யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு நினைவுச்சில்லு. தூங்கும்போது பாடம் இறங்கும், விடிந்தால் தெரிந்திருக்கும். பணக்காரன் பெரிய சில்லு வாங்கிவிடக் கூடாது என்று, 'எல்லோருக்கும் ஒரே அளவு' எனச் சட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம்தான், இரண்டு காலும் பிறந்தபடியே இருப்பவர்களுக்கு.

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே எந்திரம். எலும்போடு பிணைத்தது, கழற்ற முடியாது. அது எப்படி அசைய வேண்டும் என்பதும் இதே சில்லில்தான் இருக்கிறது. நடப்பதற்கு ஒரு கோப்பு, ஓடுவதற்கு அதைவிடப் பெரிய கோப்பு. மற்றவர்கள் பாடத்துக்கு வைத்திருக்கும் இடத்தில் என் கால் குடியிருக்கிறது. அதனால் தேர்வுக்கு முந்தின இரவு ஓட்டத்தை எடுத்து வெளியே வைப்பேன். போட்டிக்கு முந்தின இரவு வேதியியலை. வகுப்பில் இருந்தால் கால் தூங்குகிறதே என்று அரிக்கும். மைதானத்தில் இருந்தால் தலை காலியாகக் கிடக்கிறதே என்று அரிக்கும். ஒரு நாளாவது நிம்மதியாக இருந்தேனா என்றால், இல்லை.

கண்ணால் வாசித்துப் படிக்கலாமே என்பீர்கள். ஒரே இரவில் ஒரு வருடப் பாடத்தை இறக்கிக்கொள்ளும் பிள்ளைகளோடு அப்படிப் போட்டி போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

எனக்கு வேண்டியது செயற்கை உறுப்புப் பொறியியல். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம். அதற்கு மாநிலப் போட்டியில் பதக்கமும் வேண்டும், நுழைவுத்தேர்வில் தேறவும் வேண்டும். இந்த வருடம் இரண்டையும் ஒரே நாளில் வைத்துத் தொலைத்தார்கள். காலையில் ஓட்டம், மதியம் தேர்வு. ஒன்றை எடுத்து இன்னொன்றை ஏற்ற ஓர் இரவுத் தூக்கம் வேண்டும். எனக்கு நடுவில் இருந்தது சாப்பாட்டு நேரம் மட்டும்.

கல்வி அலுவலகத்துக்குப் போனில் பேசினேன். எடுத்த அலுவலர் அன்பாகத்தான் பேசினார்.

"மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தேர்வுல கூடுதல் நேரம் உண்டேம்மா."

"நேரம் வேண்டாம் சார். சில்லுல இடம் வேணும்."

"இடம் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா. ஒனக்கு மட்டும் கூட்டிக் குடுத்தா மத்தவங்களுக்கு அது அநியாயம்லா?"

வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். பயிற்சியாளர் அந்தோணிராஜ் மாஸ்டரிடம் போய்க் கத்தினேன்.

"ஒண்ண விட்ரு பிள்ள. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்" என்றார்.

"அடுத்த வருசம் ஒதுக்கீட்டுக்கு வயசு தாண்டிரும் மாஸ்டர்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

வீட்டுக்கு வந்து, சில்லிலிருந்து எதைத் தள்ளலாம் என்று குடைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நடை. ஓட்டமும் இருக்கட்டும், படிப்பும் இருக்கட்டும், நடையை எடுத்துவிட்டால் என்ன? ஒரே ஒரு நாள்தானே? பந்தயத்தில் யார் நடக்கிறார்கள்? தேர்வையும் உட்கார்ந்துதானே எழுதுகிறார்கள்? 'நகல் உண்டு' என்று காட்டியது சில்லு. உண்டென்றால் சரி என்று, போட்டிக்கு முந்தின இரவு அழித்தேன்.

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? நடக்காம எப்படிட்டி போவ?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஓடிப் போவேம்மா."

அப்படியேதான் போனேன். காலையில் வெள்ளிப் பதக்கம். மதியம் தேர்வுக்கூட வாசலிலிருந்து என் மேசைக்கு ஒரே ஓட்டம். "ஏம்மா, ஓடாத, நடந்து வா!" என்று கண்காணிப்பாளர் அதட்டினார். "நடக்கத் தெரியாது மேடம்" என்றேன். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு எழுதித் தள்ளினேன். கல்லூரியில் இடம் கிடைத்தது. அம்மா தெரு முழுக்க இனிப்பு மக்ரூன் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பாடத்தை எடுத்துவிட்டு நடையைத் திரும்ப ஏற்றினேன். கட்டிலிலிருந்து இறங்கியதுமே குப்புற விழுந்தேன். ஓட்டத்தை அடிக்கடி எடுத்து வைத்ததால் அதன் நகல் எப்போதும் புதிது. நடையை யார் எடுத்து வைத்தார்கள்? அது எங்கே போய்விடப் போகிறது என்றுதானே இருந்தேன்! அந்த நகல், எனக்கு ஒன்பது வயதில் கால் பொருத்திய அன்று எடுத்தது. என் பதினேழு வயது உடம்புக்குக் கீழே ஒரு சின்னப் பிள்ளையின் நடை.

புதிதாகப் பழகலாம். பழகப் பழக நடையின் கோப்பு வளரும், அதற்கு மாதக்கணக்கில் இடம் காலியாக இருக்க வேண்டும். அதற்குள் கல்லூரியின் முதலாண்டுப் பாடம் வந்து நிறைத்துவிட்டது. அதை எடுத்தால் படிப்பு போகும். ஓட்டத்தை எடுத்தால் ஒதுக்கீடே போகும். ஊன்றுகோலும் வைத்துப் பார்த்தாயிற்று. காலுக்குத் தெரிந்தது ஓட்டம் மட்டும்தானே, எடை விழுந்த உடனே ஓடக் கிளம்பிவிடுகிறது.

கல்லூரியின் முதல் நாள் அம்மாவும் கூட வந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து வாசலுக்கு நீண்ட சாலை. அவள் முன்னால் நடப்பாள், நான் நிற்பேன். அவள் கொஞ்ச தூரம் போனதும் நான் ஓடி, அவளைக் கடந்து, தள்ளிப் போய் நிற்பேன். அவள் வந்து சேர்ந்து மறுபடி முன்னால் போவாள். எதிரே வந்தவர்கள், "என்னம்மா இவ்வளவு அவசரம்?" என்று சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது.

இன்னொரு முறை ஓடி அவளை நெருங்கியபோது அம்மா திரும்பினாள்.

"கொஞ்சம் எங்கூட வாயேன்ட்டி. ஒன்ட்ட நிதானமா ஒரு வார்த்தை பேசி எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் தாண்டிப் போயிருந்தேன்.