சித்தியை அழவைத்தது யார்?

"ஐயோ... அம்மா!"

சமையல்காரம்மாவின் அலறலில் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

கையிலிருந்த பால் பாத்திரம் நழுவியது. பால் தரையில் ஓடி, படிக்கட்டின் அடியில் தேங்கியிருந்த சிவப்போடு கலந்தது.

அங்கே பாடகி கிடந்தாள்.

ஒரு கால் படியின் மேல். தலை தரையில். கண்கள் மூடியிருந்தன.

நேற்று மாலை ஊரே டி.வி.யில் பார்த்து வாயைப் பிளந்த முகம்!

*

இன்ஸ்பெக்டர் வந்து இறங்கியபோது ஆம்புலன்ஸ் கிளம்பிப் போயிருந்தது.

"உயிர் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா நினைவு இல்ல. பின்பக்கமா விழுந்திருக்காங்க, யாரோ தள்ளின மாதிரி இருக்கு" என்றார் ஏட்டு. குரல் கரகரத்தது.

இன்ஸ்பெக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன ஏட்டய்யா, அழுதீங்களா?"

"தூசி மேடம்."

"ரெண்டு கண்ணுலயும் ஒரே நேரத்துலயா?"

ஏட்டு தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"நான் மைனா கூட்டம் மேடம்."

பாடகியை ரசிகர்கள் மைனா என்றுதான் கூப்பிடுவார்கள். மைனா கூட்டம் என்பது அவர்கள் போனில் வைத்திருந்த குரூப். பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள், நாளடைவில் தங்கள் வீட்டுக் கதைகளையும் அங்கேயே கொட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

"நேத்து பேட்டி பார்த்தீங்களா மேடம்?"

"பாதி பார்த்தேன்."

மீதியை ஏன் பார்க்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை.

பேட்டியில் பாடகி எதையும் மறைக்கவில்லை. கல்யாணம் முறிந்து வருடங்கள் ஆகிவிட்டன என்றாள். மேடையில் புருஷனைப் பற்றிச் சொன்ன கதைகளெல்லாம் பொய் என்றாள். "வீட்டுக்குப் போனதும் டி.வி.யைப் போட்டு விட்டுடுவேன். என்ன ஓடுதுன்னு பார்க்க மாட்டேன். வீட்டுல ஒரு மனுஷக் குரல் கேட்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

அந்த இடத்தில்தான் இன்ஸ்பெக்டர் டி.வி.யை அணைத்தாள். அவள் வீட்டிலும் அதற்காகத்தான் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது!

"கடைசில ஒரு கேள்வி கேட்டாங்க மேடம்" என்றார் ஏட்டு. "இத்தனை லட்சம் ரசிகர்கள்ல ஒருத்தரையாவது உங்களுக்கு நெருக்கமா தெரியுமான்னு. அவங்க பளிச்சுனு, 'ஒருத்தரையும் தெரியாது'ன்னுட்டாங்க. கூட்டம் கொதிச்சுப் போச்சு!"

"கொலை பண்ற அளவுக்கா?"

ஏட்டு தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

*

மேனேஜர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான்.

"பாட்டை நிறுத்தலாம்னு இருக்கேன்னு பேட்டியில சொன்னாங்களே. உங்க பிழைப்பு போச்சேன்னு கோவம் வரலியா?" என்று கேட்டாள் இன்ஸ்பெக்டர்.

"வந்துச்சு மேடம். இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா?"

"அப்ப காலையில எங்க இருந்தீங்க?"

"டி.வி. ஸ்டேஷன் வாசல்ல. ரசிகர்கள் கல்லெறிய வந்துட்டாங்க. என்னைப் பார்த்ததும் எனக்கே விழுந்துச்சு!"

சட்டையை ஒதுக்கித் தோளைக் காட்டினான். புடைத்திருந்தது. அவன் அங்கே அடி வாங்கியதை ஊரே நேரலையில் பார்த்திருந்தது.

"முன்னாள் புருஷன்?"

"வெளிநாட்டுல இருக்கார். தகவல் சொன்னேன். 'அப்படியா'ன்னார். போனை வெச்சுட்டார்."

இன்ஸ்பெக்டர் ஏட்டுவிடம் கையை நீட்டினாள்.

"உங்க போனைக் குடுங்க. அந்தக் குரூப்பைப் பார்க்கணும்."

பேட்டி முடிந்ததும் வந்து விழுந்த செய்திகள்... திட்டு, சாபம், அழுகை! நடுவே ஒரு பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

"யாரு இந்தச் சித்தி?"

ஏட்டுவின் முகம் மலர்ந்தது.

"எங்க எல்லாருக்கும் சித்தி மேடம்! யாராவது மைனாவைக் குறை சொன்னா விட மாட்டாங்க. பரீட்சையில போச்சுன்னு ஒரு பொண்ணு அழுதா உடனே சமாதானம் சொல்லுவாங்க. என்னை தினமும் பி.பி. மாத்திரை போட்டீங்களான்னு கேப்பாங்க. என் சம்சாரம்கூடக் கேட்டதில்ல!"

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"யாருமே பார்த்ததில்ல மேடம். குரலும் கேட்டதில்ல. டைப் பண்றதோட சரி."

சித்தியின் கடைசிச் செய்தியை இன்ஸ்பெக்டர் படித்தாள்.

'நீங்க எல்லாரும் பேசறதைப் பார்த்தா அழுகையா வருது. இன்னிக்கு என்னால பேச முடியல. மன்னிச்சுடுங்க.'

அதன் பிறகு எதுவும் இல்லை. கூட்டம் இப்போதும் கூவிக்கொண்டிருந்தது. 'சித்தி, எங்க இருக்கீங்க?' 'சித்தி, மைனா விழுந்துட்டாங்களாம்!' 'சித்தி, ஏதாவது பேசுங்க!'

"இவ்வளவு பாசம் வெச்சவங்க மனசு ஒடிஞ்சா என்ன வேணா செய்வாங்க ஏட்டய்யா. ராத்திரியோட காணாம போயிருக்காங்க. காலையில மைனா கீழ விழுந்திருக்கா."

"மேடம்! சித்தியா?" ஏட்டு பதறினார். "என்னைப் பெத்தவங்களைக்கூடச் சந்தேகப்படுங்க. சித்தி வேணாம்!"

இன்ஸ்பெக்டர் படியேறினாள்.

மேல்படியில் நின்றாள்.

கைப்பிடியில், பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு மேடை உடை தொங்கிக்கொண்டிருந்தது. ஜிகினா வைத்துத் தைத்த நீல கவுன். கசங்காமல், கச்சிதமாக.

"இது எப்ப வந்தது?"

கீழிருந்து சமையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"காலையில பெருக்கறப்ப அது அங்க இல்லீங்களே! நான் பால் வாங்கப் போனப்ப லாண்டரிக்காரர் வந்திருப்பார். வழக்கமா வர்றவருதான். வாட்ச்மேன்கூட ஏன்னு கேக்க மாட்டான்."

"லாண்டரிக்காரர் பேரு?"

"மடிப்புன்னு கூப்பிடுவோம். அவர் மடிச்சுக் குடுத்தா பிரிக்கவே மனசு வராது."

ஏட்டு தொண்டையைக் கனைத்தார்.

"மடிப்பும் நம்ம குரூப்புதான் மேடம்..."

*

போகிற வழியில் ஆஸ்பத்திரி.

வாசலில் கட்டுக்கடங்காத கூட்டம். காலையில் கல் எடுத்தவர்கள் இப்போது பூ எடுத்து வந்திருந்தார்கள்.

உள்ளே, பாடகியின் கட்டிலருகே போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது.

"இந்தம்மாவுக்கு ஆபத்து தாண்டிடுச்சு" என்றாள் நர்ஸ். "சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடணும். யாரு வருவாங்க?"

"பார்க்கலாம்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

நர்ஸ் ஒரு கவரை நீட்டினாள். வளையல், தோடு, போட்டிருந்த உடையின் பையிலிருந்த பழைய போன் ஒன்று. ஏட்டு அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

*

லாண்டரிக் கடை முழுக்க ஆவி.

மடிப்பு சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டியவன். காக்கிச் சட்டையைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"மைனா வீட்டுக்குக் காலையில போனியா?"

"போனேன் மேடம். வாசல்லயே துணியைக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"யார்கிட்ட குடுத்தே?"

"அது... சமையல்காரம்மாகிட்ட."

"அவங்க வீட்டுலயே இல்ல. துணி மாடியில தொங்குது."

மடிப்பின் கை சட்டைக் காலரை நீவியது. ஏற்கெனவே நேராக இருந்த காலர்.

இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்தாள்.

"சரி, உன்னை விடு. எனக்கு வேண்டியது உங்க சித்தி. அவங்கதான் செஞ்சிருக்கணும். இன்னிக்கே பிடிச்சு உள்ள தள்ளிடுவேன்."

"சித்தியையா?"

"ஆமா."

"மேடம், வேணாம்! அவங்க பாவம் மேடம்!" அவன் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான். "நான்தான்! நான்தான் தள்ளினேன்!"

ஏட்டு அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏன்டா?" என்றார். "நம்ம மைனாடா!"

"சித்தியை அழவெச்சாங்கண்ணே!"

மடிப்பு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்கம்மா போனப்ப நாலு பேர்தான் வந்தாங்க மேடம். தூக்கறதுக்கு. எல்லாம் முடிஞ்சு இதே கடை மாடியில தனியா உட்கார்ந்திருந்தேன். பேச ஆள் இல்ல. குரூப்புல எழுதினேன். சித்தி மட்டும்தான் பதில் போட்டாங்க. விடிய விடிய போட்டாங்க. அம்மா என்ன சமைப்பாங்க, எப்படித் திட்டுவாங்க, எல்லாம் கேட்டாங்க. அன்னிக்கு அவங்க இல்லேன்னா நான் இன்னிக்கு இல்ல மேடம்."

"அதனால?"

"மைனாவுக்காக எத்தனை பேரோட சண்டை போட்டாங்க சித்தி! அவங்களைப் போய் ஒரே வார்த்தையில, 'ஒருத்தரையும் தெரியாது'ன்னுட்டாங்க. அழுகையா வருதுன்னு எழுதிட்டு சித்தி போயிட்டாங்க. எனக்குத் தூக்கமே வரல. துணி குடுக்கற சாக்குல போனேன். சண்டை போடக்கூட இல்ல மேடம், கேக்கத்தான் போனேன்."

"என்ன கேட்டே?"

"உங்களுக்காக உசுரையே குடுப்பாங்க ஒருத்தங்க, அவங்களை அழவெச்சுட்டீங்களேன்னு கேட்டேன். யாருன்னாங்க. சித்தின்னேன். உடனே..."

அவன் முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சிரிச்சாங்க மேடம்! முகமெல்லாம் சிரிப்பு! கையை நீட்டி, என் தோளைத் தொட்டு ஏதோ சொல்ல வந்தாங்க. கேலி பண்றாங்கன்னு நினைச்சேன். கையைத் தட்டி விட்டேன். ஒரே ஒரு தட்டு... அவங்க அப்படியே பின்னால போயிட்டாங்க!"

ஆவி இயந்திரம் மட்டும் உஸ்ஸென்றது.

"கிளம்பு" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"மேடம்... சித்திக்கு ஒரே ஒரு மெசேஜ் போட்டுக்கறேன். அவங்க ஒண்ணும் தெரியாம தேடுவாங்க. என்னைத் தேட வேற யாரும் இல்ல."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தாள்.

குரூப்பில் போடாமல், சித்திக்குத் தனியாக, தட்டுத் தடுமாறி டைப் செய்தான். 'தப்பு பண்ணிட்டேன் சித்தி. இனிமே எழுத முடியாது. உடம்பைப் பார்த்துக்குங்க.'

அனுப்பினான்.

டிங்!

எங்கோ ஒரு சத்தம். மிக அருகில்!

"யார் போன்?"

ஏட்டு தன் போனைப் பார்த்தார். "என்னது இல்ல மேடம். குரூப் சத்தத்தை எல்லாரும் அணைச்சுதான் வெச்சிருக்கோம், தனி மெசேஜுக்கு மட்டும்தான் அடிக்கும்."

"இன்னொரு தடவை அனுப்பு" என்றாள் இன்ஸ்பெக்டர். அவள் குரல் மாறியிருந்தது.

'சித்தி?'

டிங்!

ஏட்டுவின் பைக்குள்ளிருந்து வந்தது.

அவர் மெல்லக் கையை விட்டார். ஆஸ்பத்திரிக் கவர். வளையல்களுக்கும் தோட்டுக்கும் நடுவே, கீறல் விழுந்த அந்தப் பழைய போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

திரையில் மடிப்பின் பெயர். கீழே ஒரே வார்த்தை.

'சித்தி?'

மடிப்பு அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

பிறகு அவன் அலறிய அலறலில், தெருவே திரும்பிப் பார்த்தது!

*

மறுநாள் பிற்பகல் பாடகி கண் விழித்தாள்.

காலி நாற்காலியில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தாள். டியூட்டி எப்போதோ முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

"எல்லாம் தெரிஞ்சுடுச்சா?" பாடகியின் குரல் கிசுகிசுத்தது.

"தெரிஞ்சுது. ஏன் அப்படி ஒரு வேஷம்?"

"என்ன பேசறாங்கன்னு பார்க்கத்தான் குரூப்புக்குள்ள போனேன். ஒரு பொண்ணு அழுதுட்டிருந்தா. 'போய்ச் சாப்பிட்டுட்டுப் படும்மா'ன்னு போட்டேன். எங்க சித்தி மாதிரியே பேசறீங்கன்னா. அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒருத்தர் எங்கிட்ட ஆட்டோகிராப் கேக்காம பேசினாங்க."

"பேட்டியில ஒருத்தரையும் தெரியாதுன்னு சொன்னீங்களே?"

பாடகி ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

"தெரியும்னு சொன்னா யாருன்னு துருவுவாங்க. நான்தான் அதுன்னு தெரிஞ்சா, அடுத்த நிமிஷம் எல்லாரும் என்னை மைனாவாக்கிடுவாங்க. அப்புறம் எனக்குன்னு யார் இருக்கா? பேட்டி முழுக்க உண்மைதான் மேடம். அந்த ஒரு பதில்தான் பொய்."

"அந்த ஒரு பொய்க்குத்தான் படியில விழுந்தீங்க."

"அந்தப் பையன் கேட்டப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? எனக்காக ஒருத்தன் சண்டை போட வந்திருக்கான்! எங்கிட்டயே! 'நான்தான்டா உன் சித்தி'ன்னு சொல்லத்தான் கையை நீட்டினேன்..."

கண்ணீர் கட்டுத்துணிக்குள் ஓடி மறைந்தது.

"அவன் எங்க?"

"லாக்கப்ல. ஒரு வாய்கூடச் சாப்பிடல."

"அவனை விட்டுடுங்க மேடம். அவன் தள்ளல. நானே கால் தடுக்கி விழுந்தேன்னு எழுதிக்குங்க."

"அவனே ஒத்துக்கிட்டான்மா. ஏட்டய்யாவும் நானும் காதால கேட்டிருக்கோம். கோர்ட்டுல நீங்க சொல்றதைச் சொல்லுங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"அப்ப ஜாமீனுக்கு என்ன வழி? யார் கையெழுத்துப் போடணும்? நான் போடறேன். பேனா குடுங்க!"

எழ முயன்றவளை இன்ஸ்பெக்டர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். தோளில் வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

வாசலில் நின்ற ஏட்டு, கையிலிருந்த புகார்த் தாளையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம். அடிபட்டவங்க ஒருத்தர், தூண்டிவிட்டவங்க ஒருத்தர், ஜாமீன் எடுக்க வந்திருக்கவங்க ஒருத்தர். ஆக மொத்தம் மூணு பேரு..."

"அதுக்கென்ன இப்போ?"

"மூணு பேருக்கும் சேர்த்துத் தலையில ஒரே ஒரு கட்டுதானே போட்டிருக்காங்க... இந்த ஆஸ்பத்திரி ரொம்பக் கஞ்சம் மேடம்!"