பதினாலாவது மேன்ஹோல்

போன் அடித்தது.

பிணத்தின் சட்டைப் பையில்!

அடித்துக்கொண்டே இருந்தது... ஷபான் தன் காதிலிருந்த போனை மெல்ல இறக்கினான். அவன் கூப்பிட்ட எண்தான் அது. அணைத்தான். பிணத்தின் பையிலும் சத்தம் நின்றது.

"ரகப்... டேய் தம்பி..."

தம்பிக்காக வாங்கி வந்த, மொச்சை மசியல் வைத்த ஃபூல் ரொட்டி ஷபானின் இடது கையில் இன்னும் சூடாக இருந்தது.

சூயஸ் வளைகுடாக் கரையில் நாலு கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் உரத் தொழிற்சாலை. அதன் கடைசி மூலையில் ரகப் வேலை பார்த்த அம்மோனியா பம்ப் ஹவுஸ். காலை ஏழு மணிக்கு வாயு கசிந்தது. கட்டுப்பாட்டு அறையில் அலாரம் அலறியிருக்க வேண்டும்...

அலறவில்லை!

அலாரக் கேபிளை அறுத்தவன் என்று ஒன்பது மணிக்குள் போலீஸ் மேஜர் வக்தி ஒரு ஆளைப் பிடித்துவிட்டார். பொக்லைன் டிரைவர் அத்வா.

"ஐயா, பாஷா, நான் கேபிளை அறுக்கல! மண்ணைத்தான் தோண்டினேன்! மூணு பொட்டப் புள்ள பாஷா..."

"நம்பர் பொய் சொல்லுமாடா?"

நம்பரைச் சொன்னவர் எஞ்சினியர் நஷாத். தொழிற்சாலையின் கேபிள் திட்டம் முழுக்க அவர் போட்டது.

"பம்ப் ஹவுஸ்ல இருந்து கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் அனுப்பிப் பார்த்தோம் மேஜர். ஆயிரத்து எண்ணூத்தி நாற்பதாவது மீட்டர்ல அறுந்திருக்கு. ரோட்டை அளந்தா, நேத்து இவன் தோண்டி மூடின இடம்!"

அங்கே கேபிள் ஒட்டுகிறவன் ஷபான்தான். அழுத கண்ணைத் துடைக்காமலே முன்னால் வந்தான்.

"பாஷா, அது கேபிளோட நீளம். ரோட்டு நீளம் இல்ல."

"அப்படின்னா?"

"ஒவ்வொரு மேன்ஹோல்லயும் பத்து மீட்டர் சுருட்டி வைப்போம். நாளைக்கு அறுந்தா இழுத்து ஒட்டறதுக்கு. இந்தக் கையாலதான் சுருட்டினேன். பதினாலு மேன்ஹோலுக்கு நூத்தி நாற்பது மீட்டர் சுருள்லயே போயிடும். அறுந்தது ஆயிரத்து எழுநூறுல. அது..."

எண்ணிய விரலை அப்படியே மடக்கினான்.

பதினாலாவது மேன்ஹோல்!

போன வியாழக்கிழமை அதற்குள் உட்கார்ந்து வெட்டி ஒட்டியது யார்?

அவனேதான்!

நஷாத் பாய்ந்து வந்து அவனை ஓரமாக இழுத்தார்.

"வாயை மூடு மேஸ்திரி! வெட்டினது உன் கை. நீயும்தான் உள்ள போவ. அத்வா என்ன உன் மாமனா, மச்சானா?"

"நீங்க சொல்லித்தானே வெட்டினேன்? இருபத்திமூணும் இருபத்திநாலும் சும்மா கிடக்கிற ஸ்பேர் இழை, பம்ப் ஹவுஸ் வரைக்கும் கிட்டத்துல காட்டற புது டவர் கேமராவுக்கு ஒட்டுன்னீங்களே!"

"மெதுவா பேசு..."

"அன்னிக்கே சொன்னேன். இருபத்திநாலு இழை பத்தாது, நாற்பத்தெட்டு போடுங்கன்னு. பத்து வருஷம் தாங்கும்னு எல்லார் முன்னாடியும் என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க."

"என் திட்டம் தப்புன்னு நானே போய் ஒத்துக்கணுமா? அடுத்த மாசம் புதுக் கேபிள் வந்துடும்... அதுக்குள்ள ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்யா."

ஷபானுக்குப் பொறி தட்டியது. பையைத் துழாவி, வியாழக்கிழமை நஷாத் கொடுத்த வரைபடத்தை எடுத்தான். 'ஸ்பேர்' என்ற சொல்லுக்கடியில், பழைய எழுத்தை மறைத்த வெள்ளை மை. வெயிலில் தூக்கிப் பிடித்தான்.

நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன். சிமெண்ட் சாக்கின் பின்பக்கத்தில் கற்றுக்கொடுத்தவன் ரகப். உதட்டை அசைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினான்.

'வாயு... அலாரம்.'

அன்றைக்கே வெயிலில் பிடித்திருந்தால்...!

தூரத்தில் அத்வா விலங்கோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷபான் நேராக மேஜரிடம் போய்க் காகிதத்தை நீட்டினான்.

மேன்ஹோலைத் திறந்தார்கள். ஒட்டுப் பெட்டிக்குள் இரண்டு இழைகள் நறுக்கென்று வெட்டப்பட்டுத் தொங்கின. பக்கத்தில் நீல டேப்பில் கோணல் எழுத்து: 'கேமரா. வியாழன். ஷபான்.'

கட்டுப்பாட்டு அறை ஆள் தலையைச் சொறிந்தான்.

"வியாழக்கிழமைலருந்து கோளாறு விளக்கு எரியுது பாஷா. கேமரா வேலை நடக்குது, கண்டுக்காதேன்னு எஞ்சினியர்தான் சொன்னாரு."

"கேமராவுல ஏதாவது பதிவாச்சா?"

"எல்லாமே பாஷா... ரகப் கதவைத் தட்டினது... விழுந்தது... கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு."

ஷபான் தரையில் உட்கார்ந்துவிட்டான். தம்பியைக் காப்பாற்ற வேண்டிய இழை, அவன் செத்ததைப் படம் காட்டியிருக்கிறது!

அத்வாவின் கையிலிருந்து கழன்ற விலங்கு, நஷாத்தின் கையில் ஏறியது.

ஷபான் எழுந்தான். தன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"உனக்கு வேண்டாம்யா," என்றார் மேஜர், அவன் முகத்தைப் பார்க்காமல். "வாக்குமூலம் மட்டும் குடு. அதுவுமில்லாம, ஒரு விலங்குதான் கொண்டுவந்தேன்."

ஷபான் கையை மடக்கவில்லை.

"என்ன பாஷா... நீங்களும் எங்க எஞ்சினியர் மாதிரியே, ஸ்பேர் வைக்காமதான் திட்டம் போடுவீங்களா?"