ஊசி அறைக்கு வெளியே

"அது குழந்தையா, இல்ல கன்னுக்குட்டியா? இப்படி அமுக்கிப் பிடிச்சு வாயில ஊத்துறியே... உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா!"

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். குட்டியின் அம்மா, மருந்து தொண்டையில் இறங்கும்வரை தாடையை விடாமல் பிடித்திருந்தாள். ஐந்து வயதுக் குட்டிக்கு ரத்தத்தில் புற்றுநோய். முடி கொட்டி, கன்னம் உப்பி, ஆளே மாறிப்போயிருந்தது. வீம்பு மட்டும் அப்படியே இருந்தது.

பிடி தளர்ந்ததும், "நீ போ! அத்தைதான் வேணும்!" என்று அலறிக்கொண்டு அத்தை மடியில் போய் விழுந்தது.

நோய் தெரிந்த புதிதில் ஒரு நர்ஸ் போகிற போக்கில் சொல்லியிருந்தாள்: "ஊசிக்கும் மருந்துக்கும் குழந்தையைப் பிடிக்கிறவங்க எப்பவும் ஒருத்தராவே இருக்கட்டும். குழந்தை ஓடிப்போய் ஒளிஞ்சுக்க இன்னொருத்தர் வேணும்." அன்றே குட்டியின் அம்மா முடிவு செய்துவிட்டாள். கெட்ட பெயர் தனக்கு, நல்ல பெயர் நாத்தனாருக்கு. முதுகில் ஊசி போடும் நாளில் ஏதாவது சாக்குச் சொல்லி நாத்தனாரை வெளியே அனுப்பிவிடுவாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கதவு திறக்கும். அத்தை ஓடிவந்து வாரி அணைப்பாள். குட்டிக்குத் தெரிந்ததெல்லாம் வலித்தால் அம்மா, வலி நின்றால் அத்தை.

இதை நாத்தனாரிடமே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த மனுஷிக்கு மனதில் ஒன்று இருந்தால் மறுநிமிடம் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்! குட்டியோ பலே கெட்டிக்காரி. அதனால் வாங்கிய பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இரவு முழுக்கப் பேக்கரி அடுப்பில் வெந்துவிட்டு, தலையெல்லாம் மாவோடு புருஷன் வந்து நின்றான்.

"அக்கா சொல்றதும் நியாயமாத்தானே இருக்கு? உன்னைப் பாத்தாலே அவ நடுங்குறா. இன்னிக்கு ஊசிக்கு அக்காவே கூட்டிட்டுப் போகட்டும்."

அவளுக்குச் சுரீரென்றது. "வேண்டாங்க... வேற எதுல வேணும்னாலும் என்னை ஒதுக்குங்க. இதுல மட்டும் வேண்டாம்!"

"பாத்தியாடா தம்பி! குழந்தை என்கிட்ட ஒட்டிக்கிட்டா இவளுக்கு வயிறு எரியுது!"

எரிந்தது உண்மைதான். தூங்கிய பிறகு மட்டுமே பெற்ற பிள்ளையின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொள்ள முடிகிறவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? ஆனாலும் அவள் பயம் வேறு. அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மத்தியானம் திரும்பி வந்தார்கள். வாசலிலேயே குட்டி அத்தையின் இடுப்பிலிருந்து நழுவி இறங்கியது. அத்தையைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. யாரிடமும் போகவில்லை. கட்டிலுக்கடியில் நுழைந்து சுவரைப் பார்த்துச் சுருண்டுகொண்டது. எது நடக்கக்கூடாது என்று பயந்தாளோ, அது நடந்துவிட்டது.

நாத்தனார் சமையலறைத் தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அசையாம மடக்கிப் பிடிங்கன்னாரு டாக்டர்... பிடிச்சேன். 'விடு அத்தை, விடு அத்தை'ன்னு கதறினா! இதைத்தான் இத்தனை நாளும் நீ ஒத்தையா செஞ்சியா? அதுக்குத்தான் என்னை வெளிய அனுப்பினியா?"

"ஓடிப்போய் ஒளிஞ்சுக்க அவளுக்கு ஒரு மடி வேணும்ல, அண்ணி..."

"அதுக்குப் பெத்தவ மடியை விட்டுக்குடுப்பியாடி? நான் பேசின பேச்செல்லாம் கேட்டுக்கிட்டு... கல்லு மாதிரி நின்னியே!"

அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு நாத்தனார் ஓவென்று அழுதாள். அவளும் அழுதாள். புருஷன் வாசற்படியில் நின்று தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். குட்டி மட்டும் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வரவில்லை.

அடுத்த ஊசி நாள்வரை குட்டி இருவரிடமும் முகம் கொடுக்கவில்லை. ஊசி அறை வாசலில் நாத்தனார் குட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"நீ வெளிய இரு."

"அண்ணி..."

"எனக்குக் கெட்ட பேரு வந்தாச்சு. அது என்கிட்டயே இருக்கட்டும். அவளுக்கு அம்மா வேணும். போ!"

கதவு மூடியது. "அத்தை வேண்டாம்! விடு!" என்ற அலறல் கேட்டது. பிறகு, "அம்மா... அம்மா எங்க! அம்மா வா!" என்றது குட்டி. நோய் வந்த நாளிலிருந்து அவள் கேட்காத கூப்பாடு! கதவைத் தள்ளிக்கொண்டு ஓடத் துடித்த கால்களைத் தரையில் ஊன்றி நின்றாள். உள்ளே பிள்ளை துடிக்கும்போது சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

கதவு திறந்தது. குட்டி தாவி வந்து, நகம் பதியும்படி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"அம்மா... அத்தை கெட்டவ!"

அவள் குட்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பின்னால் வந்த நாத்தனாரின் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"ஆமாண்டி தங்கம், அத்தை ரொம்பக் கெட்டவ."

குட்டியைத் தொடுவதற்கு எழுந்த கையை அப்படியே மடக்கிக்கொண்டு, நாத்தனார் அடுத்த ஊசிக்கு நாள் கேட்க வரிசையில் போய் நின்றாள்.