இடம் மாறிய சட்டைக் கை

அன்றைய சண்டை ஜன்னலில் தொடங்கியது. கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று மருமகள் கெஞ்சினாள். தூசி ஆகாது என்று மாமியார் கொக்கியைப் போட்டுவிட்டாள்.

முந்தின நாள் டாக்டர் சொன்னதற்கு அழுவதா சிரிப்பதா என்றே மருமகளுக்குத் தெரியவில்லை. சிறுநீரகம் தேறலாம், தேறாமலும் போகலாம், இப்போதைக்குச் சொல்ல முடியாது, படுக்கையை விட்டு இறங்காமல் பொறுத்திருங்கள் என்றார். வருஷக்கணக்காகப் பொறுத்தவள்தான். ஆனால் மதில்மேல் பூனையாக எத்தனை காலம் உட்கார்ந்திருப்பது?

தெருவுக்கே அவள் தையல்காரம்மா. அவள் படுத்த மறுநாளே தையல் மெஷின் அடுத்த தெருவிலிருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டது. கண்ணில் பட்டால் மிதிக்கத் தோன்றும் என்று மாமியார் காரணம் சொன்னாள். செத்தவள் சாமானைத்தான் இப்படித் தூக்கிக் கொடுப்பார்கள் என்று மருமகள் உள்ளுக்குள் குமுறினாள். புருஷனிடம் முறையிட்டாள். பஸ் ஓட்டிக் களைத்து வருகிற அவனுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

மதியமானால் மாமியார் வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். புரை விழுந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவாள். தாயும் மகளும் தன் தலையை உருட்டுகிறார்கள் என்று மருமகள் முடிவே கட்டிவிட்டாள். ‘கடவுளே’ என்று தொடங்குவாள். பிழைக்க வை என்பதா, சீக்கிரம் முடித்துவிடு என்பதா? அதற்குமேல் வார்த்தை வராது.

அன்று மதியம் ஜன்னலைத் தட்டியவர் பள்ளிக்கூட டீச்சர். அவள் படுக்கையிலிருந்தே எட்டிக் கொக்கியை எடுத்ததும் கம்பி வழியாக ஒரு சட்டையை நீட்டினார். உடம்புக்கு முடியாதபோது ஏன் இழுத்துப் போட்டுக்கொண்டு தைக்கிறீர்கள், கையைத் தூக்கவே முடியவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

இவள் எங்கே தைத்தாள்? விரித்துப் பார்த்தாள். வலது கை இடப்பக்கமும் இடது கை வலப்பக்கமும் தைக்கப்பட்டிருந்தன. தையல் முடிகிற இடத்திலெல்லாம் நூலில் இரண்டு முடிச்சு. அந்த வீட்டில் எதைக் கட்டினாலும் இரண்டு முடிச்சுப் போடுகிறவள் ஒருத்திதான். மருமகள் சட்டையை மடியில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள்.

பூட்டைத் திறந்து உள்ளே வந்த மாமியார், மடியில் இருந்த சட்டையைப் பார்த்ததும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் அத்தை இப்படி... உங்க கண்ணு இருக்கிற இருப்புக்கு...”

“மக வெட்டிக் குடுப்பா, நான் மிதிப்பேன், நீ தைச்சதாச் சொல்லிக் குடுத்துருவோம். வர்றவங்க எல்லாம் வேற கடைக்குப் போயிட்டா, நீ எந்திரிச்சு வந்து யாருக்குத் தைப்ப? உன்கிட்ட சொன்னா சும்மா படுத்திருப்பியா நீ?”

“நான் எந்திரிப்பேனான்னு டாக்டருக்கே தெரியலையே, அத்தை.”

“தெரியலைன்னுதானே சொன்னாரு? எந்திரிக்க மாட்டேன்னு சொல்லலையே. எனக்கு அது போதும். மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்குவாரு.”

மருமகள் உடைந்து போனாள். மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உங்களைப் போய் என்னென்னவோ நினைத்துவிட்டேனே என்று அழுதாள்.

“தெரியும். அதான் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருந்ததே” என்று மாமியார் மூக்கை உறிஞ்சினாள். அவள் கண்ணீரும் நிற்கவில்லை.

மெஷினை நாளைக்கே இங்கே கொண்டு வரச் சொன்னாள் மருமகள். தான் மிதிக்கப் போவதில்லை, படுத்தபடியே சொல்லிக் கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்தாள். மாமியார் தலையை ஆட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். சாத்தாமலே அடுப்படிக்குப் போனாள்.

சட்டைக் கைகளைப் பிரிப்பதற்காக மருமகள் அந்த முடிச்சுகளை நகத்தால் நெருடினாள். அசையவில்லை. கடைசியில் பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் பாதியில் நின்ற பிரார்த்தனை அப்போது தானாகவே முழுசாக வந்தது. ‘கடவுளே, இந்த அம்மா இன்னொருத்தர் சட்டையைக் கெடுக்கிறதுக்குள்ளே என்னை எழுப்பி விட்டுடு.’