ராஜா தலைக் காசு

ராஜாவின் மூக்கைக் காணோம்.

குணசுந்தரி காசை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். பழைய வெள்ளி ரூபாய். நேற்று ராத்திரி டப்பாவை மூடும்போது கிரீடம், மூக்கு, தாடி எல்லாம் துல்லியமாக இருந்தன. இப்போது நெற்றியில் வைத்த விரல் எங்கும் தடுக்காமல் தாடிக்கு வழுக்கிக்கொண்டு போனது. டப்பாவின் அடியில் விபூதி மாதிரி மெல்லிய தூள்.

கெட்டுப்போன காசு சேர்ப்பதில் அவளுக்கு ஒரு பைத்தியம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயில் ஏறி நசுங்கிய பத்து பைசா, குழந்தையின் அரைஞாணில் கோக்க ஓட்டை போட்ட காலணா, யாரோ யாருக்காகவோ ஆணியால் பேர் கீறிய எட்டணா. நல்ல காசு எல்லாம் ஒரே மாதிரி, கெட்ட காசில்தான் ஒரு மனுஷன் உட்கார்ந்து வேலை செய்தது தெரியும் என்பாள்.

போன வாரம் பெரியபாளையம் ஆடித் திருவிழாவில் பழவேற்காட்டுக்காரி மரியம் பீவி பழைய சாமான்களைப் பரப்பியிருந்தாள். அதில் கிடைத்தது ஒரு ராஜா தலைக் காசு. தலை மட்டும் இல்லை. முகம் இருந்த இடத்தை யாரோ அரத்தால் ராவி ராவி, கீறலே தெரியாமல் கண்ணாடி போல ஆக்கியிருந்தார்கள். நேற்று ராத்திரிதான், ஒப்பிட்டுப் பார்க்கவென்று, தன்னிடம் இருந்த முழுக் காசை அதன் பக்கத்தில் வைத்தாள். அந்த முழுக் காசில்தான் இப்போது மூக்கு இல்லை.

புருஷன் அரசப்பன் இரும்பு உருட்டு மில்லில் நைட் ஷிப்ட். காலையில் அவன் வந்ததும் காட்டினாள். அவள்தான் தேய்த்திருப்பாள், அவளுக்கு வேறு வேலை என்ன என்று சொல்லிவிட்டு, வாசல் கிரில்லை உள்பக்கம் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் போட்டுப் படுத்துவிட்டான். பக்கத்து வீட்டில் சிலிண்டர் திருடு போனதிலிருந்து அது அவனுக்குப் பழக்கம். அவளிடம் இருந்த சாவி தொலைந்து போய் ஒரு மாதமாகிறது. கம்பெனிச் சுவரை ஒட்டிக் கட்டிய வரிசை வீடு, பின்வாசல் கிடையாது. ஆறு வயது பூமிகா சாயங்காலம் ஸ்கூல் வேனில் வரும்போது அவனை எழுப்பித்தான் திறக்க வேண்டும்.

மதியம் மூணு மணிக்கு மேல் கரண்ட் போனது. அந்த வருஷம் தினமும் போகிறதுதான். மின்விசிறி நின்றது, பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தடதடத்துக்கொண்டிருந்த இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை விட்டு அடங்கின, சூடான எண்ணெய் நாற்றமும் துருவின் வாடையும் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, நகர இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் மிச்சமிருந்தது.

சர்ர்... சர்ர்...

பொறுமையான சத்தம். அரம் ஓடுகிற சத்தம்.

டப்பாவைத் திறந்தாள். சத்தம் நின்றது. காசுகளில் நெற்கதிர் இருந்தது, வருஷம் இருந்தது, எழுத்து இருந்தது. சிங்கங்களுக்கு மட்டும் முகம் இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் கல்யாண போட்டோ. கண்ணாடி உடையவில்லை. பட்டுப்புடவை, மாலை, மாலைக்கு மேலே இரண்டு வெள்ளை வட்டங்கள். சட்டத்தின் ஓரத்தில் தூள் படிந்திருந்தது.

செல்போனில் மரியம் பீவியைக் கூப்பிட்டாள். அந்தக் காசு எந்த வீட்டுச் சாமான் என்று கேட்டாள். பழவேற்காட்டில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் காலி பண்ணும்போது மொத்தமாக வாங்கியது, அங்கே இருந்த போட்டோக்கள்கூட வீணாகிப் போயிருந்தன என்றாள் மரியம் பீவி.

"அந்த ஊட்டு ஆளுங்க எங்கக்கா?"

மரியம் பீவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மவுத்தாயிட்டாங்கம்மா. புருஷன், பொஞ்சாதி ரெண்டு பேரும் செத்துக் கெடந்தாங்க. நான் பாக்கல. குளிப்பாட்டப் போன பொம்பள சொல்லிச்சு. துணிய வெச்சுதான் எது ஆம்பள, எது பொம்பளன்னு தெரிஞ்சுச்சாம்."

போனைக் கீழே வைத்தபோது சத்தம் மறுபடி கேட்டது. இந்தத் தடவை டப்பாவிலிருந்து இல்லை. படுக்கையறையிலிருந்து.

வெயில் வராமல் ஜன்னலில் போர்வை கட்டிய அறை. அவள் நிலைப்படியில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. அரசப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவனை எழுப்பாமல் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட நினைத்தாள். தலையணைக்கு அடியில் கையை விட்டாள். விரலில் பட்டது தூள். மாவு மாதிரி. வெதுவெதுப்பாக இருந்தது. அதற்கும் அடியில் சாவி.

அவன் புரண்டான்.

காது இருந்தது. தலைமயிர் இருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. காயமில்லை, ரத்தமில்லை. மழமழவென்று ஒரு வெறுமை. மார்பு ஏறி இறங்கியது, எதன் வழியாக என்று தெரியவில்லை.

வாசலுக்கு ஓடினாள். சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். சுற்றிக்கொண்டே இருந்தது. உருவிப் பார்த்தாள். சாவிக்குப் பல் இல்லை. எல்லாம் ராவியிருந்தது.

தெருவில் யாருமில்லை. ஷிப்டுக்குப் போன வீடுகள் பூட்டிக் கிடந்தன. கிரில்லைப் பிடித்து உலுக்கினாள். பூட்டு ஆடியது. திறக்கவில்லை. பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. சுவரைத் தடவிக்கொண்டு ஒரு கை. மெதுவாக.

சர்ர்...

காதுக்குப் பக்கத்தில். வலிக்கவில்லை. மூக்குத்தி தரையில் விழுந்து உருண்டது.

வேன் ஹாரன் அடித்தது. பூமிகா இறங்கி, தண்ணி பாட்டிலை ஆட்டிக்கொண்டு வந்தாள். வேன் போய்விட்டது. கிட்ட வராதே, ஓடு என்று கத்த வேண்டும். குணசுந்தரி கத்தினாள். தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வழியில்லை. சர்ர். வெயில் மங்கியது. சர்ர். மங்கி, போயே போனது.

இருட்டில் குழந்தையின் செருப்புச் சத்தம் கிரில் முன்னால் வந்து நின்றது.

"ஆன்ட்டி, நீங்க யாரு? எங்கம்மா எங்க?"

பின்னாலிருந்து வந்த கை குணசுந்தரியின் தோளைத் தொட்டது. கழுத்துக்கு ஏறியது. யாரென்று தெரிந்துகொள்ள அவள் முகத்தைத் தேடியது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், எங்கும் தடுக்காமல், வழுக்கிக்கொண்டு இறங்கியது.