சந்தனம் பூசிய ஃப்ளாப்பி

பிணம் மேஜை மேல் கிடந்தது!

சதுரமாய்... கறுப்பாய்... முகமெல்லாம் சந்தனம், நடுவில் குங்குமம்.

செத்தது ஆள் இல்லை. கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி. ஆனால் அது பிழைக்காவிட்டால் செல்வமேரியின் அப்பா ஜெயிலுக்குப் போக வேண்டும்!

1988. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் ஒரு மோட்டார் ஃபேக்டரி. கம்ப்யூட்டர் வந்து மூன்றே மாதம். அதில் லெட்டர் அடிப்பவள் செல்வமேரி. கேட்டில் வாட்ச்மேன் அவள் அப்பா ஜெபதாஸ்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் செல்வமேரி லீவு. அன்றைக்குத்தான் நாற்பது செப்புக் கம்பிச் சுருளோடு ஒரு லாரி கேட்டைத் தாண்டிப் பறந்தது. கம்ப்யூட்டரில் அடித்த கேட் பாஸைப் பார்த்துத்தான் விட்டேன் என்று ஜெபதாஸ் சத்தியம் செய்தார். ஃபைலில் அந்தப் பாஸைக் காணோம். அதில் யார் பெயர் என்று கேட்டால், இங்கிலீஷ் வராது என்று தலையைச் சொறிந்தார்.

ஸ்டோர்ஸ் ஆபீஸர் கோதண்டராமன் போலீஸை வரவழைத்துவிட்டார். வாசலில் ஜீப் ரெடி.

கம்ப்யூட்டரில் அடித்தது ஃப்ளாப்பியில் பதிந்திருக்கும் என்று செல்வமேரி கெஞ்சினாள். இன்ஸ்பெக்டர் இராமச்சந்திரன் வாட்ச்சைப் பார்த்தார்.

"அரை மணி நேரம். பாஸ் கெடச்சா உங்கப்பா வூட்டுக்கு. இல்லன்னா என்கூட."

ஃப்ளாப்பியைத் துடைத்து மிஷினில் செருகினாள்.

கர்ர்... கர்ர்...

படிக்க முடியவில்லை என்றது திரை. கோதண்டராமன் உச்சுக் கொட்டினார். உச்சில் சந்தோஷம் வழிந்தது.

செல்வமேரி பிளேடை எடுத்தாள். கறுப்பு உறையைக் கிழித்தாள். உள்ளே பழுப்பு நிறத் தட்டு, அப்பளம் போல மெல்லிசு. ஓட்டைக்குள் இறங்கிய சந்தனம் அதன் மேல் காய்ந்திருந்தது.

பூஜை போட்ட பொருளைத் தண்ணீரில் காட்டாதே, சாமி குத்தம் என்று கோதண்டராமன் குறுக்கே வந்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழாயடியில் கழுவி, கைக்குட்டையால் ஒற்றி, ஃபேனில் காயவைத்து, புது ஃப்ளாப்பி ஒன்றைப் பலி கொடுத்து அதன் உறைக்குள் நுழைத்தாள்.

கர்ர்...

பச்சை எழுத்துகள் குதித்தன! முதல் பத்து வரி கோழி கிளறிய குப்பை. ஒவ்வொரு வரியாய் அழித்துக்கொண்டே இறங்கினாள். லாரி நம்பர் வந்தது. நாற்பது சுருள் வந்தது. கடைசி வரியில்...

அனுமதி: கோதண்டராமன், ஸ்டோர்ஸ் ஆபீஸர்!

தன் பெயரை யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாமே என்று அவர் அலட்டிக்கொள்ளாமல் சிரித்தார். அது நியாயம்தான்.

இன்ஸ்பெக்டர் கிழிந்த உறையைக் கோதண்டராமன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"சாட்சிய அழிக்கத்தானே இதுல சந்தனத்தப் பூசின?"

கோதண்டராமனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயோ, சந்தனம் நான் பூசல சார்! டைப்ரைட்டர் மாதிரி, பேப்பர உருவினா அவ்ளோதான்னு நெனச்சேன். உள்ள இருக்கும்னு தெரிஞ்சா வுட்டு வெச்சிருப்பனா?"

கோதண்டராமன் மெல்ல வாயைப் பொத்திக்கொண்டார். விலங்கு கிளிக்கென்று மாட்டியது. செல்வமேரி அப்பாவின் தோளில் சாய்ந்து, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

"அப்ப சந்தனம் பூசினது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெபதாஸ் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் சார். எல்லா மிஷினுக்கும் பொட்டு வெச்சாங்க. எம்பொண்ணு வேலை செய்ற தட்டு மட்டும் மொட்டையா கெடந்துச்சு. மனசு கேக்கல. ரெண்டு பக்கமும் நல்லா தடவி வுட்டேன்."

"அப்பா!"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

"கொன்னது நீ. செத்தது எழுந்து வந்து உனக்கே சாட்சி சொல்லிடுச்சி. இத நான் எந்த செக்‌ஷன்ல எழுதறதுய்யா?"